மைசூரில் நான் தப்பாகக் கேட்ட இரண்டு சொற்கள்

மைசூருக்கு வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் அரண்மனை பார்ப்பார்கள், இல்லாவிட்டால் யோகா படிப்பார்கள். விமானத்தில் என் பக்கத்து இருக்கைக்காரரும் இந்த இரண்டில் எது என்றுதான் கேட்டார். "ஒரு ஆளிடம் ஒரு கேள்வி கேட்கப் போகிறேன்" என்றேன். கோர்ட் விவகாரம் என்று நினைத்தாரோ என்னவோ, அதற்குப் பிறகு அவர் வாயைத் திறக்கவில்லை.

அந்த ஆளுக்கு ஒன்பது வயது. பெயர் தாரிணி. என் மகள். அவளுடைய அப்பா இறந்தபோது அவளுக்கு இரண்டு வயது. மஸ்கட்டில் ஒரு மழலையர் பள்ளியில் எனக்கு வேலை கிடைத்தபோது மூன்று. மைசூர் விஜயநகரில் இருக்கும் என் அக்கா வசந்தி, "ஒரு வருஷம்தானே, எங்கிட்ட இருக்கட்டும்" என்றாள். அக்காவுக்குப் பிள்ளை இல்லை. ஒரு வருடம் ஆறு வருடமாகிவிட்டது. அக்கா அம்மாவானாள், நான் சித்தியானேன். யார் பெற்றது என்பதை நாங்கள் மறைக்கவில்லை, தாருவுக்கு எல்லாம் தெரியும். தெரிந்தும் சித்திதான். மஸ்கட்டில் நாள் முழுக்க ஊரார் பிள்ளைகளின் மூக்கைத் துடைத்துவிட்டு அறைக்கு வந்து உட்காரும்போது என் கைகள் சும்மா இருப்பது எனக்குத் தாங்காது. இந்த முறை அங்கே ஒரு பள்ளியில் அவளுக்கு இடம் வாங்கிவிட்டேன். விசாவுக்கும் எழுதிப் போட்டாயிற்று. என்னோடு வருகிறாயா என்று அவளிடம் கேட்பது மட்டும்தான் பாக்கி. அதற்குத்தான் இந்தப் பயணம். விடுமுறை ஐந்து நாள்.

வியாழக்கிழமை காலை, மைசூர் போகும் வழியில், மத்தூருக்குக் கொஞ்சம் முன்னால் பஸ் பங்க்சர். மஸ்கட்டில் இப்படி நடந்தால் எல்லோரும் ஏசியை விட்டு இறங்காமல் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இங்கே பத்தே நிமிடத்தில் யார் யார் எந்த நிச்சயதார்த்தத்துக்குப் போகிறார்கள் என்று பஸ்ஸுக்கே தெரிந்துவிட்டது. ஒரு அம்மாள் சூடான மத்தூர் வடையில் பாதியைப் பிட்டு என் கையில் வைத்துவிட்டுக் கன்னடத்தில் ஏதோ கேட்டார். "கன்னட கொத்தில்ல" என்றேன். எனக்குத் தெரிந்த ஒரே வாக்கியம். கன்னடம் தெரியாது என்பதைக் கன்னடத்தில் சொன்னால் யார் நம்புவார்கள்? அவர் இன்னும் உற்சாகமாகப் பேச ஆரம்பித்தார். வடைக்கு நன்றியாக எல்லாவற்றுக்கும் தலையாட்டி வைத்தேன்.

மைசூரில் ஏறிய ஆட்டோக்காரர் நான் போனில் பேசியதைக் கேட்டுத் திரும்பினார். "தமிழா? மொதல்லயே சொல்லக்கூடாதா மேடம்? நம்ம தாத்தா காலத்துலயே தர்மபுரி பக்கம் இருந்து வந்தாச்சு. தமிழ் சென்னாகி மாத்தாடுவேன், படிக்கத்தான் வராது." சென்னாகி என்றால் நன்றாக, மாத்தாடுவது என்றால் பேசுவது. தமிழ் நன்றாகப் பேசுவேன் என்பதைச் சொல்லவே அவருக்கு இரண்டு கன்னடச் சொல் வேண்டியிருந்தது.

கதவைத் திறந்தது தாருதான். "அம்மா, சித்தி வந்தாச்சு!" என்று உள்ளே குரல் கொடுத்துவிட்டு என் பையை வாங்கிக்கொண்டாள். நான் கட்டிக்கொள்ளக் கை நீட்டியிருந்தேன். வந்தவர்களின் பையை வாங்க வேண்டும் என்று அக்கா நன்றாகத்தான் வளர்த்திருக்கிறாள். பையைக் கீழே வைத்துவிட்டு எனக்குத் தண்ணீரும் கொண்டுவந்து கொடுத்தாள். போன முறைக்கு ஒரு சாண் வளர்ந்திருந்தாள். நடந்தால் குதிகாலில் விளக்கு எரியும் ஷூ ஒன்று வாங்கிப் போயிருந்தேன். வீடியோ காலில் அவள் காலைப் பார்த்துக் குத்துமதிப்பாக எடுத்த அளவு. விரல்கள் உள்ளே போயின, குதிகால் போக மாட்டேன் என்றது. "பரவால்ல சித்தி, ரொம்ப சென்னாகி இருக்கு" என்றாள். கையில் மாட்டிக்கொண்டு தரையில் தட்டி விளக்கை எரியவிட்டுப் பார்த்தாள். பெற்ற பிள்ளையின் கால் அளவு தெரியாதவள் நான் ஒருத்திதான் இருப்பேன் என்று தோன்றியது.

மத்தியானம் அக்காவும் நானும் ஊறவைத்த அவரைக்கொட்டையைத் தோலிலிருந்து பிதுக்கிக்கொண்டிருந்தோம். மைசூரில் பனிக்காலம் முழுக்க எல்லா வீட்டிலும் இதுதான் வேலை. அப்போது விஷயத்தைச் சொன்னேன். அக்கா என்னைப் பார்க்கவில்லை. "அவளையே கேளு. அவ வர்றேன்னா நான் குறுக்க நிக்க மாட்டேன், ஆயித்தா?" சரியா என்பதற்கு இப்போது அக்காவுக்கும் கன்னடம்தான் வருகிறது. "ஆனா நான் எதுவும் சொல்லித் தர மாட்டேன். போன்னும் சொல்ல மாட்டேன், போகாதேன்னும் சொல்ல மாட்டேன்" என்றாள். சொல்லிக்கொண்டே பருப்பையெல்லாம் தோல் கிடந்த கிண்ணத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். பிறகு இரண்டு பேருமாக உட்கார்ந்து அதைப் பொறுக்கி எடுத்தோம்.

அந்த வாரம் பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை. வெள்ளிக்கிழமை கேட்டுவிடலாம் என்று இருந்தேன். தாரு முந்திக்கொண்டாள். "சித்தி, நீங்க நாளைக்கு எங்க சனிக்கிழமை கிளாஸ்ல மாத்தாடணும். மிஸ்கிட்ட ஆல்ரெடி சொல்லிட்டேன்."

பக்கத்துத் தெருவில் ஷைலஜா என்று ஒரு டீச்சர் இருக்கிறார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். தன் வீட்டுக் கார் நிறுத்துமிடத்தில் பாய் விரித்து, சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்கு உலகத்தைச் சொல்லிக் கொடுக்கிறார். வாரம் ஒரு தேசம். அங்கே உங்கள் வயதுப் பிள்ளையை யார் எழுப்புவார்கள், பள்ளிக்கு எப்படிப் போகும், என்ன சாப்பிடும், எதற்கு அடி வாங்கும். தலைநகரம், நாணயம் எல்லாம் கிடையாது. இந்த வாரம் ஓமன். காட்சிப் பொருள் நான்.

"அப்ப ஒரு உலகப் படம் வேணுமே" என்றேன். இருவரும் டவுனுக்குப் போய்ப் பெரிய படம் ஒன்றை வாங்கினோம். நஞ்சன்கூடு ரசவாழை வாங்கி நின்ற இடத்திலேயே தின்றோம். ஓட்டலில் தோசை சாப்பிட்டோம். சாம்பாரில் வெல்லத்தை அள்ளிப் போட்டிருந்தார்கள். கரூரில் வளர்ந்த என் நாக்கு அதை மன்னிக்கவே இல்லை. தாரு இன்னொரு கிண்ணம் கேட்டு வாங்கிக் குடித்தாள்.

திரும்பும்போது நான்தான் முன்னால் நடந்து, ஒரு பஸ்ஸைக் காட்டி, ஏறச் சொன்னேன். பெரியவள் என்கிற மிதப்பு. போர்டில் இருந்த கன்னடம் எனக்குப் படிக்கத் தெரியாது, கேட்கவும் கௌரவம். பஸ் எங்கெங்கோ சுற்றி ஒரு மைதானத்தின் ஓரத்தில் நின்றது. எல்லோரும் இறங்கிவிட்டார்கள். அப்போதுதான் தாரு, "சித்தி, இது நம்ம பஸ் இல்ல" என்றாள்.

"முன்னாடியே தெரியுமா?"

"ஏர்றப்பவே தெரியும்."

"ஏன்டி சொல்லல?"

"நீங்க பெரியவங்க அல்வா? சொன்னா பேஜார் ஆகுமோன்னு."

அல்வா என்றால் இல்லையா, பேஜார் என்றால் மனவருத்தம். அக்கா தப்பான பஸ்ஸில் ஏறியிருந்தால் இவள் பஸ்ஸையே நிறுத்தியிருப்பாள். என்னிடம் மட்டும் இவ்வளவு மரியாதை. எனக்குப் பேஜார்தான் ஆயிற்று. ஆனாலும் அந்தத் தப்பான பஸ் எனக்கு முக்கால் மணி நேரம் கொடுத்தது. திரும்பி வருகையில் சுருட்டிய உலகப் படத்தை மடியில் வைத்துக்கொண்டு, என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். தலையில் அக்கா வீட்டுத் தேங்காயெண்ணெய் வாசம். இந்தக் கனத்துக்குத்தானே ஆறு வருடமாக ஏங்கினேன். கேட்க வேண்டியதைக் கேட்க மனம் வரவில்லை. எங்கள் நிறுத்தம் வந்தும் அரை நிமிடம் எழுப்பாமல் இருந்தேன். கண்டக்டர் விசில் அடித்துக் கெடுத்தார்.

சனிக்கிழமை பாயில் இருபது பிள்ளைகள் இருந்தார்கள். பெரும்பாலும் சுற்றுவட்டார வீடுகளிலிருந்து வந்தவர்கள். கேட்டை ஒட்டி, இவர்களோடு ஒட்டாமல் உட்கார்ந்திருந்த ஒரு சிறுமியைக் காட்டித் தாரு என் காதில் சொன்னாள். "அவ பவித்ரா. நம்ம பின் தெருவுல வீடு கட்டறாங்களே, அங்க ஷெட்ல இருக்காங்க. திருவண்ணாமலை. வந்து ஒரு மாசந்தான் ஆச்சு. கன்னடம் வராது."

ஷைலஜா டீச்சர் வகுப்பில் ஒரே ஒரு விதி உண்டு. எந்த ஊர்ப் பிள்ளையைப் பற்றிக் கேட்டாலும் 'பாப' என்று சொல்லக்கூடாது. கன்னடத்தில் அது நம் 'ஐயோ பாவம்'. சொன்னவர்கள் எழுந்து நின்று, அந்தப் பிள்ளையிடம் இருந்து தன்னிடம் இல்லாத ஒன்றைச் சொல்லிவிட்டுத்தான் உட்கார வேண்டும்.

நான் தமிழில் சொல்லச் சொல்ல, தாரு பக்கத்தில் நின்று கன்னடத்தில் சொன்னாள். காலை ஐந்தரைக்கே எழுந்து பள்ளிக்குப் போகிற பிள்ளைகள், மத்தியானம் மீனும் சோறும், பேரீச்சம்பழம், வீட்டுக்கு வீடு தண்ணீர் லாரி, வெயிலில் செருப்பில்லாமல் வைத்தால் வெந்துபோகிற கால். ஒட்டகம் வீட்டு வாசலுக்கு வருமா என்று கேட்டார்கள். எங்கள் வாசலுக்கு வருவது பூனை மட்டும்தான் என்றேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. முன்வரிசையில் கண்ணாடி போட்ட ஒரு பெண் கை தூக்கினாள்.

"நிமகெ எஷ்டு மக்களு?"

எஷ்டு என்றால் எத்தனை. அது பஸ்ஸில் கற்றது. மக்கள் நம் சொல்தானே. தாருவுக்குக்கூடக் காத்திருக்காமல் நானே பதில் சொன்னேன். "நிறைய மக்கள். எங்க கட்டடத்துலயே எத்தனை தேசத்துக்காரங்க! மலையாளிகள், பங்களாதேஷ்காரங்க, பிலிப்பைன்ஸ், எகிப்து..."

தாரு மொழிபெயர்க்கவில்லை. என் புடவையை மெல்ல இழுத்தாள். "சித்தி, மக்களுன்னா ஜனங்க இல்ல. பிள்ளைங்க. உங்களுக்கு எத்தனை பிள்ளைங்கன்னு கேக்கறா."

இருபது பிள்ளைகளும் என்னையே பார்த்தார்கள். தாரு உலகப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு" என்றேன்.

தாரு திரும்பி வகுப்பைப் பார்த்து, "ஒப்பளே மகளு" என்றாள். ஒரே ஒரு மகள். நான் சொன்னது ஒண்ணு என்று மட்டும்தான். மகள் என்பதை அவளே சேர்த்துக்கொண்டாள். கண்ணாடிக்காரி அடுத்ததாக 'எல்லி' என்று ஆரம்பித்தாள். எங்கே என்கிற கேள்வி. அதை முடிக்கவிடாமல் "நெக்ஸ்ட்!" என்றாள் தாரு.

அதற்குப் பிறகு நான் என்ன பேசினேன் என்று நினைவில்லை. கடைசியில் டீச்சர் எழுந்து மறுநாளைக்கான அறிவிப்பைச் சொன்னார். என் காதில் விழுந்தது 'நாளை', கூடவே அழுத்தமாக 'தண்ணி'. எங்கேயோ வெயிலில் கூட்டிப்போகிறார்கள், குடிக்கத் தண்ணீர் கொண்டுவரச் சொல்கிறார் என்று புரிந்துகொண்டேன். ஒரு சொல்லில் பட்ட அவமானம் ஆறாததால் யாரிடமும் கேட்டுத் தெளியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பெரிய பாட்டில் ஒன்றில் தண்ணீர் பிடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். தாரு கையில் ஒரு துணிப்பை இருந்தது. அங்கே போனால் யாரும் எங்கும் புறப்படுகிற மாதிரி இல்லை. பாயின் நடுவில் ஒரு பெரிய அட்டைப்பெட்டி. குண்டலுபேட்டைப் பக்கம் ஒரு விடுதியில் தங்கிப் படிக்கிற பிள்ளைகளுக்கு அன்று வேனில் போகிறதாம். வேண்டாததைத் தள்ளிவிடக்கூடாது, உனக்குப் பிடித்த பொருள் ஒன்றுதான் பெட்டிக்குள் போகலாம் என்பது டீச்சர் போட்ட கட்டளை. ஒருத்தி கலர் பென்சில் வைத்தாள். இன்னொருவன் செஸ் போர்டை வைத்துவிட்டு, ஒரு தரம் எடுத்துப் பார்த்துவிட்டு, மறுபடி வைத்தான்.

தாரு துணிப்பையைத் திறந்து, விளக்கு எரியும் ஷூவை எடுத்தாள்.

எனக்குச் சுருக்கென்றது. மூன்று நாள்கூட ஆகவில்லையே. என் முகம் போன போக்கை அவள் பார்த்துவிட்டாள். "பிடிச்சதத்தான் தரணுமாம் சித்தி. இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. எனக்குச் சேரல, அங்க சின்னப் பசங்க இருக்காங்க." சொல்லிவிட்டு ஒரு தரம் பாயில் தட்டி, விளக்கு எரிகிறதா என்று பார்த்துப் பெட்டியில் வைத்தாள். பிடித்திருக்கிறது என்று சொன்னதைப் பிடித்துக்கொள்வதா, விட்டுக்கொடுத்துவிட்டாளே என்று வருந்துவதா என்று தெரியாமல் நின்றேன்.

கடைசியாகப் பவித்ரா வந்தாள். குளிர்பானம் வந்த பழைய இரண்டு லிட்டர் பாட்டிலை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கி வந்தாள். அதில் நிறையத் தண்ணீர். பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, சரிதானே என்று டீச்சரைப் பார்த்தாள்.

பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். டீச்சருக்கு ஒன்றும் புரியவில்லை. "இது என்ன, ஏன் நீர்?" என்று கன்னடத்தில் கேட்டார். பவித்ரா சுற்றிலும் பார்த்தாள்.

"மிஸ்தான தண்ணி எடுத்தாரச் சொன்னாங்கோ" என்றாள் தமிழில். "நேத்து லாரி வர்ல. அம்மா கொடத்துல இருந்தத ஊத்திக் குட்த்துச்சு."

யாருக்கும் புரியாததைத் தாருதான் புரிந்துகொண்டாள். "மிஸ், நீங்க 'தன்னி' அந்த்ரி" என்று ஆரம்பித்துக் கன்னடத்தில் கடகடவென்று சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னாள். "மிஸ் சொன்னது தன்னி, சித்தி. கொண்டு வாங்கன்னு அர்த்தம். இவ தண்ணின்னு நெனச்சுட்டா."

பின்னாலிருந்து யாரோ 'பாப' என்றார்கள். டீச்சரின் கண் அந்தப் பக்கம் போயிற்று.

நான் கைப்பையைத் திறந்து என் பாட்டிலை எடுத்து, பவித்ராவின் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

தாரு இரண்டு பாட்டிலையும் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "சித்தி! நீங்களுமா?" என்றவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வந்த நாளிலிருந்து அவள் என்னிடம் மரியாதையாகத்தான் சிரித்திருந்தாள். இது வேறு சிரிப்பு. பாயில் உருண்டுவிட்டாள். பவித்ராவும் சிரித்தாள். நானும் கண்ணில் நீர் வரச் சிரித்தேன், அது எல்லாமே சிரிப்பில் வந்த நீர் இல்லை.

டீச்சர் உள்ளே போய் டம்ளர்களைக் கொண்டுவந்தார். என் பாட்டிலை ஒதுக்கி வைத்துவிட்டுப் பவித்ராவின் பாட்டிலைத் திறந்து, ஆளுக்கு ஒரு மடக்கு ஊற்றி, முதலில் தானே குடித்தார். "பெட்டியில் இருப்பதெல்லாம் நமக்குப் பிடித்தது. இவள் வீட்டில் நேற்று இது குறைவாகத்தான் இருந்தது. அதிலிருந்து கொண்டுவந்திருக்கிறாள். கொடுக்கத் தெரிந்தால் மட்டும் போதாது, வாங்கிக்கொள்ளவும் தெரிய வேண்டும்" என்றார். தாரு வரி வரியாகப் பவித்ராவுக்குத் தமிழில் சொன்னாள். அவள் தமிழில் தடுமாறி நான் பார்த்திருக்கிறேன். அன்று ஒரு சொல்கூடத் தடுமாறவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில், புங்கமரத்தடியில் நிறுத்திக் கேட்டுவிட்டேன். "தாரு, என்கூட மஸ்கட் வர்றியா? பள்ளிக்கூடத்துல இடம் வாங்கியாச்சு. நாம ரெண்டு பேரும் இருக்கலாம்."

அவள் செருப்பால் தரையில் கோடு போட்டாள். வெகுநேரம் போட்டாள். பிறகு, "பேடா" என்றாள்.

பேடா என்றால் வேண்டாம். தமிழில் சொன்னால் எனக்கு அதிகம் வலிக்கும் என்று நினைத்திருப்பாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சேர்த்தாள். "இல்ல சித்தி, நான் வந்துட்டா பவித்ராவுக்கு மிஸ் சொல்றத யாரு தமிழ்ல சொல்வா?"

அக்காவை விட்டு வர முடியாது என்பதுதான் காரணம். அது எனக்கும் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். அதைச் சொல்லாமல், நான் தூக்கிக்கொண்டு போகக்கூடிய ஒரு காரணமாகத் தேடி எடுத்துக் கொடுத்தாள். ஆறு வருடமாகப் பார்சல் கட்டி அனுப்பியவள் நான். இவ்வளவு பார்த்து ஒன்றைக்கூட நான் தேர்ந்தெடுத்ததில்லை. அவள் தலையைத் தடவி, "ஆமா, யாரு சொல்வா" என்றேன். மனம் மட்டும், ஒரு தரம் வர்றேன்னு சொல்லேன்டி என்று கெஞ்சிக்கொண்டே இருந்தது.

திங்கள்கிழமை காலை பஸ் நிலையத்துக்கு அக்காவும் தாருவும் வந்தார்கள். அக்கா பிதுக்கிய பருப்பைக் காயவைத்துப் பொட்டலம் கட்டியிருந்தாள். என்ன நடந்தது என்று அவள் கேட்கவில்லை. தாரு சொல்லியிருப்பாள். என் கையைப் பிடித்த அக்கா விடவே இல்லை. பஸ் கிளம்பக் கால் மணி நேரம் இருந்தது. இப்போதே செய்யாவிட்டால் மஸ்கட் போய் மனம் மாறிவிடுவேன் என்று பயந்து, அங்கிருந்தே அந்தப் பள்ளிக்குப் போன் போட்டேன். இடம் வேண்டாம், வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்றேன்.

அந்தப் பக்கம் பேசிய பெண் மலையாளம் கலந்த தமிழில் சொன்னாள். "அட்மிஷன் கேன்சல் பண்ணணும்னா பேரன்ட்தான் பேசணும். நீங்க குட்டிக்கு யாரு?"

தாரு என் பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

"அம்மா" என்றேன்.

பஸ்களின் இரைச்சலில் போனில் இருந்தவளுக்குக் கேட்கவில்லை. இன்னொரு தரம் சத்தமாகச் சொல்லச் சொன்னாள். சொன்னேன்.